பல்லுக்குக் கம்பி கட்டப் படித்தோம்

பல்லுக்குக் கம்பி கட்டும் வேலை படிக்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னபோது, என் சித்தப்பாவின் காதில் 'கம்பி கட்டும் வேலை' மட்டும்தான் விழுந்தது. எங்கள் ஊரான முசரவாக்கத்தில் அப்போது பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கூரைக்குக் கம்பி கட்ட வெளியூர் ஆட்கள் வந்து தங்கியிருந்தார்கள். பெண்பிள்ளையை வெயிலில் சாரத்தின் மேல் ஏற்றுவதா என்று சித்தப்பா அப்பாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பல்லுக்கு என்று நான் விளக்கிச் சொன்ன பிறகு கோபம் போய் யோசனை வந்தது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவது தெரியும், மனுசனுக்கு வாயில் கம்பி எதற்கு என்று கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறிவிட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ் பிடித்து வந்து, தரையைத் துடைத்து, கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, வந்தவர்களை வரிசையாக உள்ளே அனுப்புவது என் வேலை. பல் பிடுங்கும்போது நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆஸ்பத்திரி பெரிய டாக்டருடையது. பல் பிடுங்குவது, அடைப்பது, பொய்ப்பல் கட்டுவது ஆகிய மூன்றும்தான் அங்கே நடக்கும்.

பொய்ப்பல் செய்தவர் பாய். நாற்பதைத் தாண்டியவர், ஒழுங்காக நறுக்கிய தாடி, எப்போதும் வெள்ளைச் சட்டை. பின்கட்டில் ஒரு சின்ன அறையில் மெழுகு, பிளாஸ்டர், ஸ்பிரிட் விளக்கு சகிதம் உட்கார்ந்திருப்பார். ஊரில் பாதிப் பெரியவர்கள் அவர் கையால் செய்த பல்லால்தான் சாப்பிட்டார்கள். கடைத்தெருவில் யாராவது சிரித்தால், அது தான் செய்த பல்லா இல்லையா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

பெரிய டாக்டரின் மகள் சென்னையில் பல் மருத்துவம் படித்துவிட்டு, கோணல் பல்லை நேராக்கும் பிரிவிலேயே இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும், என்னைவிட நாலு வயதுதான் அதிகம். பாய் அவரைப் பாவாடை கட்டிய நாளிலிருந்து பார்த்தவர். 'பாப்பா' என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு 'டாக்டரம்மா' என்று முடிப்பார். கொஞ்ச நாளில் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'பாப்பாடாக்டரம்மா' என்றே ஆகிவிட்டது. அவர் அதை ஒருநாளும் திருத்தவில்லை.

வந்த இரண்டாம் வாரமே டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோணல் பல்லை நேராக்குவது ஒருநாள் வேலை இல்லை, ஒருவரை ஒன்றரை வருடம், இரண்டு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டியது, டாக்டர் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதாது, கூட நிற்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றார். நாளையிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரி மூடியிருக்கும் நேரத்தில் பாடம். ஆளுக்கொரு நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் பல்லு செய்றவன், படிக்கிறவன் இல்ல. கம்பி வளைக்கணும்னா அளவு குடுங்க, வளைச்சுத் தரேன்" என்றார்.

டாக்டரம்மா அவரிடம் வாதாடவில்லை. ஏதோ ஒரு பிளேட்டை மேசையின் மேல் வைத்தார். மேல்வாய்க்குப் போடுவது. இளஞ்சிவப்பு நிறத்தில், இரண்டு பாதியாகப் பிளந்து, நடுவில் ஒரு குட்டித் திருகாணியால் இணைந்திருந்தது. ஊசி போன்ற ஒரு சாவியைத் திருகாணியின் துளையில் நுழைத்துத் தள்ளினார். இரண்டு பாதிகளும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு விலகின. பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியைப் போட்டுத் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். மறுநாள் இரண்டு மணிக்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் நோட்டோடு.

முதல் வாரம் முழுவதும் பல்லின் பெயர்கள். பெயர் என்றால் எண்தான். டாக்டரம்மா கரும்பலகையில் ஒரு பெரிய கூட்டல் குறி போட்டார். மேலே இரண்டு கட்டம் மேல்வரிசை, கீழே இரண்டு கட்டம் கீழ்வரிசை. நடுக்கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைவாய்வரை எண்ணிக்கொண்டு போக வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருந்தது. நோயாளி நமக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலது நமக்கு இடது. பலகையிலும் அப்படித்தான். நான் தினமும் குழம்பினேன். 'மேல் வலது மூன்று' என்றால் என் கை தானாக என் வலது பக்கத்துக்கே போகும்.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். "நோட்டுல நீங்க எழுத ஆரம்பிக்கிற பக்கம் எதுவோ, அதுதான் நோயாளிக்கு வலது. இத மட்டும் மனசுல வச்சுக்குங்க."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. அதன் பிறகு தவறவே இல்லை. பாயும் தலையாட்டிக்கொண்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை பரீட்சை. பலகையில் படம் போட்டுப் பத்துப் பற்களில் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வைத்து, ஒவ்வொன்றும் எது என்று எழுதச் சொன்னார். எனக்கு ஒன்பது சரி. பாயின் தாளைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். எண்கள் எல்லாம் சரி, மேல் கீழ் எல்லாம் சரி. ஆனால் வலது எல்லாம் இடது, இடது எல்லாம் வலது.

"பாய், ஒண்ணு ரெண்டு தப்பானா பரவால்ல. பத்தும் எப்படித் தப்பாகும்?"

பாய் முகம் சிவந்துபோனார். டாக்டரம்மா சொன்னபடிதான் எழுதியதாகவும், ஆரம்பிக்கிற பக்கத்தைத்தான் வலது என்று வைத்துக்கொண்டதாகவும் சொல்லி, அத்தாட்சிக்குத் தன் நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதைத் திறந்தார். ஒரு வாரப் பாடமும் அழகான உருது எழுத்தில், வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது பக்கமாக ஓடியிருந்தது.

டாக்டரம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அடக்க முடியாமல் நோயாளி நாற்காலியில் போய் உட்கார்ந்து சிரித்தார். பாய்க்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், பல்வலி வந்தவர்போல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டாக்டரம்மா அவருக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டார். எனக்கு ஒன்பதுதான். இது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்தது வாயின் அச்சு எடுக்கும் பாடம். அச்சு எடுப்பது டாக்டர். அச்சுக்கென்று டப்பாவில் வரும் மாவைக் கலந்து கொடுப்பதும், அச்சு இறுகும்வரை நோயாளியைப் பதறாமல் பார்த்துக்கொள்வதும் நான். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுப்பது பாய். மாவை ரப்பர் கிண்ணத்தில் போட்டு, அளந்து தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் வேகமாகக் குழைக்க வேண்டும். வழுவழுப்பாக வந்ததும் பல்வரிசை அளவுக்கு வளைந்த தட்டில் நிரப்பிக் கொடுத்தால், வாய்க்குள் போய் இரண்டு மூன்று நிமிஷத்தில் இறுக வேண்டும்.

அது சித்திரை மாதம். நான் முதல் முறை குழைத்த மாவு கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. கவிழ்த்தால் ரப்பர் பந்துபோல் வெளியே வந்து விழுந்தது. இரண்டாவது முறை கரண்டியோடு சேர்ந்து இறுகியது. மூன்றாவது முறை தட்டுக்குப் போயிற்று, வாய்க்குப் போகவில்லை. சென்னையில் இப்படி ஆனதே இல்லை என்று டாக்டரம்மா டப்பாவின் மேல் எழுதியிருந்ததை மறுபடி மறுபடி படித்தார். மாவு அங்கிருந்து வர வேண்டியது, வீணாக்கவும் முடியாது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. கை மெதுவாகத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் கேழ்வரகு மாவைக் கிண்ணத்தில் போட்டு வேகமாகக் குழைத்துப் பழகினேன். அம்மா அதையே களியாகக் கிளறிப் போட்டாள்.

நாலாவது முறைக்கு முன்னால் எனக்குத் தாகம் எடுத்தது. மூலையில் இருந்த மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தேன். தொண்டை ஜில்லென்று ஆனது. அதுவரை மாவுக்கு நான் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவது, மதியம் இரண்டு மணிக்குக் கை சுடும். குடித்த டம்ளரில் மிச்சம் இருந்ததைக் காட்டி, "இத ஊத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். டாக்டரம்மா டம்ளரைக் கழுவிப் பானையிலிருந்து புதிதாக மொள்ளச் சொன்னார். அந்தத் தண்ணீரில் மாவு நிதானமாக, நான் குழைத்து, தட்டில் நிரப்பி, இன்னும் சற்றுக் காத்திருக்கும்வரை இளகியே இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக இறுகும் என்று தான் படித்ததுதான், பானையைப் பார்க்கத் தோன்றவில்லை என்றார். என் நோட்டை வாங்கி, அவரே அதில் 'பானைத் தண்ணீர்' என்று எழுதிக் கொடுத்தார்.

நாற்காலியில் உட்காருகிறவர் படும் பாடு எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் அச்சு எடுத்தார். முதலில் பாய். மாவு வழிந்து தாடியில் இறங்கி, அங்கேயே இறுகிக்கொண்டது. ஒவ்வொரு துணுக்காக நான் தேங்காயெண்ணெய் தடவி எடுத்தேன். அன்றைய பாடத்தில், தாடி மீசை உள்ளவர்களுக்கு முதலில் எண்ணெய் தடவ வேண்டும் என்று பாய் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டார். பிறகு நான். தட்டு உள்ளே போனதும் வயிறு குமட்டி மேலே வந்தது. மூச்சு நின்றுவிட்டதாகவே நினைத்தேன். மூக்கால் மூச்சு விடு, கால் கட்டை விரலை ஆட்டிக்கொண்டே இரு என்றார் டாக்டரம்மா. கால் விரலை ஆட்டுவதில் கவனம் போனதும் குமட்டல் எங்கோ போய்விட்டது. அன்றைக்குப் பிறகு அச்சு எடுக்கும் எந்த நோயாளியிடமும் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னதில்லை. "கொஞ்சம் கொமட்டும், விரல ஆட்டினு இருங்க" என்றுதான் சொல்வேன்.

சாயங்காலம் பாய் என் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்து, மேசையில் வைத்தார். என் பற்களை நான் வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. மேலே இடது பக்கத்தில் என் தெத்துப்பல் கூட்டத்தில் எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது. நேராக்கிவிடட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். அந்தத் தெத்துப்பல்லைப் பார்த்துத்தான் அதிர்ஷ்டக்காரி என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், கணக்கில் தவறியபோது தவிர. வேண்டாம் என்றேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு எங்கள் முதல் நோயாளி வந்தாள். பதின்மூன்று வயதுப் பெண், எட்டாம் வகுப்பு. வீட்டில் இரண்டு தறி ஓடியது, அப்பா அம்மா இருவரும் நெய்பவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அந்தப் பெண்ணின் மேல்தாடை குறுகலாக இருந்ததால் பக்கத்துப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்க் கடித்தன. முன்பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. சாப்பிடும்போதெல்லாம் கன்னத்தைக் கடித்துக்கொள்கிறாள் என்று அம்மா அழைத்து வந்திருந்தார். அழகைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தினமும் மூன்று வேளையும் பிள்ளை கண்ணீர் விட்டுச் சாப்பிடுகிறது என்றுதான் சொன்னார்.

பானைத் தண்ணீரில் குழைத்த மாவு நன்றாக வந்தது. அந்தப் பெண் பத்து விரலையும் ஆட்டினாள். பாய் நாலு நாள் உட்கார்ந்து பிளேட்டைச் செய்தார். பல்லைப் பிடித்துக்கொள்ளும் கம்பிக் கொக்கிகளை மூன்று முறை வளைத்து, பிடிக்காமல் மூன்று முறையும் தூக்கிப் போட்டார். நாலாவது கொக்கி 'டக்' என்று போய் உட்கார்ந்தபோது அவரே தலையாட்டிக்கொண்டார்.

பிளேட்டைப் போட்ட நாள், அதைப் பராமரிக்கும் முறையை வீட்டுக்காரர்களிடம் சொல்லும் பொறுப்பை டாக்டரம்மா எனக்குக் கொடுத்தார். அது பாடத்தின் கடைசிப் பகுதி. நான் இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சாப்பிடும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், சுடுதண்ணீர் கூடாது. தினமும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பேச்சு குழறும், பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படித்தால் சரியாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, சாவியைத் துளையில் போட்டு அடுத்த துளை தெரியும்வரை தள்ள வேண்டும். அது கால் சுற்று.

மனப்பாடம் செய்ததை மனப்பாடமாகவே ஒப்பித்தேன். வெளியே எட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். சாவியைக் கையில் கொடுத்து, ஒருமுறை தள்ளிக் காட்டி, "கால் சுத்து சுத்தினா போதும்மா, வெள்ளிக்கிழம மறந்துடாதீங்க" என்று முடித்தேன். அவர் சரி என்று தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

பதினோராம் நாள், வரச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே, அம்மாவும் பெண்ணும் வந்து நின்றார்கள். பெண்ணின் முகம் அழுது வீங்கியிருந்தது. பிளேட் வாயில் இல்லை. ஊடைக்கு நூல் சுற்றி வைக்கும் குழல் டப்பாவுக்குள் கிடந்ததை அம்மா அன்று காலையில்தான் கண்டுபிடித்திருந்தார். டாக்டரம்மா அதை வாங்கிப் பெண்ணின் வாயில் பொருத்திப் பார்த்தார். உள்ளே போகவில்லை. ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கிக்கொண்டது.

பாயைக் கூப்பிட்டார். அவர் பிளேட்டை வாங்கி, நடுவில் இருந்த பிளவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை சுற்றினால் வருகிற இடைவெளி இல்லை இது, பத்துத் தடவையாவது சுற்றியிருக்கிறது என்றார்.

"தினம் குளிச்சிட்டு, வெளக்கேத்தினதும் மொத வேலையா அதான் செய்றேன்" என்றார் அந்த அம்மா. "இவங்க சொன்னாங்களே, காலையில சுத்தினா போதும்னு. வெள்ளிக்கிழமை பூஜை வேலையில மறந்துடுவேன்னுதானே மறக்காதீங்கன்னு சொன்னாங்க? மறக்கவே இல்ல."

எனக்குக் காதில் 'ஙொய்' என்று கேட்டது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, நான் அன்றைக்கு என்ன சொன்னேனோ அதை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே கேட்டுவிட்டது. 'கால் சுத்து' என்றுதான் சொன்னேன். வேகத்தில் அது காலைச் சுற்றாக அவர் காதில் விழுந்திருக்கிறது. 'வாரத்துக்கு ஒருமுறை' என்பதை அவசரத்தில் நான் விழுங்கிவிட்டதால், மற்றதெல்லாம் அதற்கேற்றாற்போல் தானே பொருந்திக்கொண்டது. இரண்டாம் நாளே பெண்ணுக்குப் பல் இறுக்கி வலித்திருக்கிறது. நாலாம் நாளிலிருந்து அம்மா சாவி திருப்பிக் கொடுப்பதை வாங்கி, போட்டதுபோல் பாவனை செய்துவிட்டு, பள்ளிக்கூடம் போகும் வழியில் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு, வீடு திரும்பியதும் குழல் டப்பாவில் ஒளித்து, காலையில் எடுத்து நீட்டினாளாம். அம்மா மட்டும் ஒருநாள் தவறாமல் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தப்பு என்னுதுதான், இவங்களுது இல்ல" என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்து, இதில் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை, திருகாணியைப் பின்னால் திருப்பினால் பிளேட் மறுபடி உள்ளே போய்விடும் என்றார். பாய் அங்கேயே நின்றுகொண்டு ஒவ்வொரு துளையாகப் பின்னுக்குத் திருப்பினார். ஒன்பதாவது திருப்பில் பிளேட் 'டக்' என்று போய் உட்கார்ந்தது. பெண் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, வலிக்கவில்லை என்று கையைக் காட்டினாள்.

சாவியை மறுபடி அந்த அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். எனக்கோ 'கால்' என்று சொல்லவே பயமாக இருந்தது. பாய்தான் குறுக்கே வந்தார். "நாலுல ஒரு பங்குமா. எங்க வீட்டுல பாவ்னு சொல்லுவோம்" என்றார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாவு? நாங்களும் பாவுன்னுதானே சொல்றோம்" என்றார்.

உருதுக்கும் தெலுங்குக்கும் அந்த நாலில் ஒரு பங்கு ஒன்றாகவே இருந்தது. என் தமிழ்தான் நடுவில் தனியாக மாட்டிக்கொண்டு நின்றது. அவர் கையாலேயே சாவியைப் போட்டுத் தள்ளிக் காட்டச் சொன்னேன், தள்ளினார். எப்போது என்று கேட்டேன், வெள்ளிக்கிழமை மட்டும் என்றார். மற்ற நாட்களில் என்று கேட்டேன். "சாவி சாமி மாடத்துல இருக்கும், தொடமாட்டேன்" என்றார். பெண்ணிடமும் கேட்டேன். அவளும் சொன்னாள், பிளேட்டோடு சேர்ந்து குழறிக்கொண்டு. வீட்டுக் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளுக்கு மட்டும் குங்குமத்தால் பொட்டு வைக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "சொல்லிக் குடுக்கிறது எப்படின்னு நான் உனக்குப் பாடம் எடுக்கவே இல்லியே. அது என் தப்பு" என்றார். மறுநாள் இரண்டு மணிப் பாடத்தில் அவர் நோயாளியாக உட்கார்ந்தார். நான் சொல்வதையெல்லாம் வேண்டுமென்றே தப்புத்தப்பாகப் புரிந்துகொண்டார். கழற்றித் தண்ணீரில் போடுங்கள் என்றால், "கெணத்துலயா?" என்பார். பாய் நோயாளியின் மாமியாராக வந்து, "எங்க காலத்துல கம்பியா கட்டினாங்க?" என்று இடையில் புகுந்து பேசினார். ஒரு வாரம் அப்படி நடந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தாலும், யாரிடம் எப்படிச் சொன்னால் போய்ச் சேரும் என்பது அந்த ஒரு வாரத்தில்தான் கைவந்தது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும், சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைத்து, கையால் செய்து காட்ட வைத்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன். சில பேருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரு தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா, தன்னைச் சின்னப் பிள்ளைபோல ஒப்பிக்கச் சொல்வதா என்று கோபித்துக்கொண்டார். ஒப்பித்தபோது ஐந்தில் இரண்டைத் தப்பாகச் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் பிளேட், பிறகு முன்பற்களுக்குக் கம்பி வைத்த இன்னொரு பிளேட். எல்லாம் சேர்த்து ஒன்றேமுக்கால் வருடம். பேச்சு குழறுவதால் பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். தறிச் சத்தத்தில் தான் படிப்பது தனக்கே கேட்கவில்லை என்றாள். ஆகவே பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்து, காத்திருக்கிறவர்களுக்கு அன்றைய செய்தித்தாளைப் படித்துக் காட்டினாள். அரைமணி நேரம் வாசித்தால்தான் விடுவேன். பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் பருத்தி விலையும் மழைச் செய்தியும் கேட்டார்கள். ஒரு மாதத்தில் 'ச'வும் 'ஸ'வும் துல்லியமாகிவிட்டன. வாசிப்பது அவளுக்குப் பிடித்துப்போய், அதன் பிறகும் வந்துகொண்டிருந்தாள்.

சிகிச்சை முடிந்த அன்று, முதலில் எடுத்த பிளாஸ்டர் மாதிரியையும் கடைசியில் எடுத்ததையும் டாக்டரம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அம்மா இரண்டையும் தொட்டுப் பார்த்தார். சாப்பிடும்போது இப்போது அழுவதில்லை, நாலு தோசை போகிறது என்றார். பெண்ணுக்கு அந்த மாதிரிகளை வீட்டுக்கு எடுத்துப்போக ஆசை. ஆஸ்பத்திரிப் பதிவுக்கு வேண்டும், கொடுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. பாய் உள்ளே போனார். இரண்டு நாள் கழித்து இரண்டுக்கும் நகல் எடுத்து, வழுவழுவென்று தேய்த்து, ஒரு துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார்.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. அவர்கள் வீட்டுக் கொலுவுக்கு எங்கள் மூவரையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரம்மாவால் வர முடியவில்லை. பாய் வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டு அந்தப் பெண்ணின் அப்பாவோடு தறியைப் பார்க்கப் போய்விட்டார். நான் உள்ளே போனேன். படிகளில் பொம்மைகள் அடுக்கியிருந்தார்கள். கடைசிப் படியில், மளிகைக்கடைச் செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் நடுவில், இரண்டு ஜோடிப் பிளாஸ்டர் பல்வரிசைகள். முன்னால் ஒரு ரோஜா இதழ்.

வந்திருந்த பெண்கள் அது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி கும்பிடப் போய்விட்டாள். அந்தப் பெண் ஒவ்வொருவருக்கும் இது முன்னால், இது பின்னால், இது மேல் வலது மூன்று, இது நாலு என்று விரலால் தொட்டு விளக்கினாள். எல்லாம் சரியாகவே சொன்னாள். நான் கற்றுக்கொடுக்கவில்லை. செய்தித்தாள் வாசிக்க வந்த நாட்களில் பலகையைப் பார்த்துப் படித்திருக்கிறாள்.

கொலுவுக்குப் போனால் பாடச் சொல்வார்கள். என்னையும் கேட்டார்கள். எனக்குப் பாட்டு வராது என்றேன். விடவில்லை. ஏதாவது தெரிந்ததைச் சொன்னால்தான் சுண்டல் என்றார் அந்த அம்மா. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். சாப்பிடும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்று ஆரம்பித்து, ஐந்தையும் வரிசையாகச் சொன்னேன். பெண்கள் கை கொட்டிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, முப்பத்தைந்து வயசுல கம்பி கட்டினா நேராகுமா என்று மெல்லக் கேட்டாள். டாக்டரம்மாவிடம்தான் கேட்க வேண்டும், திங்கட்கிழமை காலையில் வாருங்கள் என்றேன். சொல்லிவிட்டு, எப்போது வருவீர்கள் என்று அவள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தேன். பிறகுதான் எனக்குச் சுண்டல் கொடுத்தார்கள்.